போறணைக்குள் முருகைக்கல்

நோன்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பாண் சுடுகிற போறணையில் வெடிப்புக் கண்டது. மாரி முழுக்க எரிக்காமல் கிடந்த போறணையை என் பெண்சாதி அன்றுதான் கூட்டித் துடைத்து, ஒரு கட்டுத் தென்னம்பாளையும் நாலு வீரை விறகும் வைத்து மூட்டியிருந்தாள். தீ பிடித்துக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். மண் பூசிய மேல் முதுகில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்து அதற்குள்ளிருந்து புகை வந்தது. அவள் விறகை வெளியே இழுத்துப் போட்டு மணல் அள்ளி மூடினாள். சூடு தணிந்த பிறகு வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வந்து பாருங்க. கூட்டிலிருந்து வெள்ளை வெள்ளையா என்னமோ உதிருது."

நான் உடனே போகவில்லை. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவன் இன்னொரு வாளி அள்ளி, கழுவிய காலையே மறுபடியும் கழுவினேன். அந்த வெள்ளை என்னவென்று எனக்குத் தெரியும்.

வீடு சாய்ந்தமருதில், கடலுக்குக் கிட்ட. என் வீடு என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன். நான் வரிப்பத்தான்சேனையில் பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சம்மாந்துறை ஆலைகளில் நெல் மூட்டை தூக்கி, மேற்கே வாய்க்கால் வெட்டி, வடக்கே கடலோரத்தில் ஒரு சுண்ணாம்புச் சூளையில் எட்டு மாதம் நின்று, கடைசியில் கரைவலை இழுக்க வந்த இடத்தில் கலியாணம் முடித்தவன். அதற்கு முன் ஒரே இடத்தில் ஒரு மாரியும் ஒரு கோடையும் சேர்ந்து இருந்ததில்லை. இது தெரிந்துதான் பெண் தந்தார்கள். தெரிந்து தந்தார்கள் என்பதை என் மாமி மறக்கவுமில்லை.

போறணை அவவுடைய புருஷன் கட்டியது. அவர் மௌத்தாகி நாலு வருஷம். பின்வளவில் ஓலைக் கொட்டிலுக்குக் கீழே, ஆமை ஒன்று படுத்துக் கிடப்பது போல இருக்கும். அடியில் உப்பும் உடைந்த போத்தல் ஓடும் இடித்து இறுக்கி, அதன் மேல் செங்கல் தளம் போட்டு, அதற்கு மேல் செங்கல்லால் வளைத்த கூடு. வாய் ஒரு முழ உயரம். உள்ளே தீ போட்டு, கூட்டின் கரி எரிந்து செங்கல் வெளுத்ததும் தணலை இழுத்துவிட்டு, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, மாவை வைத்துத் தகரக் கதவால் அடைத்தால் பாண் வரும். வருஷத்தில் மற்ற மாதங்களில் கிழமைக்கு இரண்டு மூன்று நாள்தான் எரியும். மாரியில் அதுவுமில்லை. நோன்பு மாதத்தில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் எரியும். நோன்பு திறக்க நாற்பது ஐம்பது வீட்டுக்குப் பாண் போகும், இருட்டினதும் திறக்கிற தேத்தண்ணிக் கடைகளுக்கும் போகும். அந்த ஒரு மாதத்துப் பாணில்தான் மாமியும் என் பெண்சாதியும் மாரியைக் கடந்தார்கள். என்னை நம்பி யாரும் மாரிக்கு நெல் வைக்கவில்லை.

முந்தின வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு, கூட்டின் உச்சியில் ஒரு செங்கல் கழன்று விழுந்தது. மேசன் வரட்டும், அதுவரை கை வைக்க வேண்டாம் என்று மாமி சொன்னா. மேசன் வரவில்லை. அந்த வீட்டுக்கு வந்து நான் ஒரு வேலையும் செய்து காட்டியிருக்கவில்லை, அதனால் இதை நானே செய்வோம் என்று இறங்கினேன். ஓட்டைக்கு ஆப்பு மாதிரிக் கல் வேண்டும். மூன்று செங்கல் எடுத்துக் கொத்தினேன், மூன்றும் உடைந்தது. வேலியோரம் கரைவலைக்காரர் நங்கூரத்துக்குக் கட்டிவிட்டுப் போட்ட முருகைக்கல் ஒன்று கிடந்தது. கடலடியில் வளர்கிற கல், மரம் செதுக்குவது போலச் செதுக்கலாம். கோடாலியால் நாலு தட்டு, அளவெடுத்துச் செய்தது போல ஓட்டையில் போய் இருந்தது. மேலே மண் பூசினேன்.

"செங்கல்லா வெச்சவர் எண்டு கேளு மகள்," என்று மாமி குசினிக்குள்ளிருந்து கேட்டா.

"ஓம், செங்கல்தான்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், மூன்று செங்கல்லை உடைத்தது தெரியக்கூடாது. வேறு காரணமில்லை. எட்டு மாதம் முருகைக்கல்லைச் சுமந்து சூளைக்குள் கொட்டி, அது வெந்து சுண்ணாம்பாகி வெளியே வருவதைப் பார்த்தவன் நான். ஆனால் அன்று அது எனக்குச் சூளைக் கல்லாகத் தோன்றவில்லை. வீட்டுச் சுவரிலும் கிணற்றுக் கட்டிலும் இருக்கிற கல்லாகத்தான் தோன்றியது. போறணையும் ஒரு சூளைதான் என்று மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது மாரி தொடங்கியிருந்தது. வெந்த கல் ஈரம் குடித்தால் ஊதும், ஊதினால் பக்கத்துக் கல்லைத் தள்ளும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

புதன்கிழமை மேசன் பாஸ் வந்தார். கல்முனையிலிருந்து வருகிற கத்தோலிக்கர், நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். கரண்டிப் பிடியால் கூட்டை வெளியே தட்டிப் பார்த்தார், உள்ளே கையை விட்டுத் தடவினார், உள்ளங்கையில் ஒட்டிய வெள்ளையைக் குசினிக் கதவுப் பக்கம் நீட்டிக் காட்டினார். கதவுக்குப் பின்னால் மாமி நின்றா. பாஸோடு கதவு மறைவில் நின்று நேரே கதைப்பா. என்னோடுதான் கதைப்பதில்லை. மாமி மருமகனோடு நேரே கதைப்பது அந்த வீட்டில் மரியாதையில்லை. கலியாணம் முடித்து ஒன்றரை வருஷத்தில் ஒரு சொல் எனக்கென்று அவ வாயிலிருந்து வந்ததில்லை. எல்லாம் மகள் வழியாக, அதுவும் எனக்குக் கேட்கும்படியாக.

"கூடு செத்துப்போச்சு ராத்தா," என்றார் பாஸ். "இது சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்துல கட்டின கூடு நெருப்புக்கு நிக்காது. கட்டின ஆளுக்கு விசயம் தெரியல்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து மாமி சொன்னா.

"அவர் சுண்ணாம்பு வெக்கல்ல. புத்து மண்ணும் சக்கரை கரைச்ச தண்ணியும். நான்தான் காலால மிதிச்சுக் குழைச்சுக் குடுத்த."

"அப்ப இது எங்கயிருந்து வந்த?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல."

பாஸ் என்னைப் பார்த்தார். நான் போறணையைப் பார்த்தேன்.

"திருத்தேலாதா?" என்று கேட்டாள் என் பெண்சாதி.

"ஒரு கல்லெண்டா ஒரு கல்ல மாத்தலாம் தங்கச்சி. சாந்து முழுக்க இப்படியெண்டா ஒண்ட இழுக்க ஒம்பது வரும். நீ தலைய உள்ள விட்டுப் பாண் எடுக்கக்குள்ள எல்லாம் சேந்து வந்தா மறுகா யாரிட்டக் கேக்கிற? இடிச்சிட்டுப் புதிசாக் கட்டுவம். சனிக்கிழம காலையில வாறன். ஆனா ஒரு மாசம் காயோணும், ஈரத்தோட எரிச்சா அதுவும் வெடிக்கும்."

"நோம்பு வருதே."

"என்னைக் கேட்டா வருது?"

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"மகள், உன்ட மாப்பிள்ளைக்கிட்டக் கேளு, அவர் என்ன சொல்றார் எண்டு. சுண்ணாம்புச் சூளையில நிண்ட மனிசன்தானே."

"உம்மா கேக்கிறா..."

"கேட்டது," என்றேன்.

"அப்ப சொல்லுங்களன்."

ஒரு கல்தான் பழுது. அந்தக் கல்லை எடுத்தால் போறணை நிற்கும், இடிக்கத் தேவையில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும். அதோடு, வைத்தது நான், செங்கல் என்று சொன்னது பொய், மௌத்தான மனிதரின் கைவேலையைப் பாஸ் பழித்தபோதும் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதும் சேர்ந்து வரும்.

"பாஸ் சொன்னாச் சரிதான்," என்றேன்.

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

வியாழக்கிழமை, இந்த நோன்புக்குப் பாண் இல்லை என்று கடைகளுக்குச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். முதல் கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றியபடியே சொன்னார்.

"அப்ப நான் பசார் பேக்கரிக்காரனுக்குச் சொல்றன். ஆனா அவன் ஒரு மாசத்துக்கெண்டு தரமாட்டான் தம்பி. வருசம் முழுக்க எடுத்தாத்தான் தருவான். மறுகா உங்கட ஊட்டுப் பாண் எனக்குத் தேவல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க," என்று என் வாய் சொல்லிவிட்டது.

மற்றக் கடைகளுக்கு நான் போகவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். மேற்கே வாய்க்கால் வேலைக்கு மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இதற்கு முன் எந்த ஊரிலும் இப்படி ஒன்று வந்தால், உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவேன். ஒரு பஸ் வந்து போனது. பிறகு நான் கடற்கரைக்குப் போய், ஒரு செங்கல்லை மணலும் தண்ணீரும் விட்டுக் கருங்கல்லில் தேய்க்கத் தொடங்கினேன். கொத்தினால் உடைகிற கல் தேய்த்தால் உடையாது. ஊதின கல் ஓட்டையை அகட்டியிருக்கும் என்று மூன்று ஆப்பு தேய்த்து எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அவற்றையும் ஒரு கூடை புற்று மண்ணையும் எங்கள் பின்வேலிக்கு அடியில், கடல் பக்கமாக ஒளித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் அந்த ஊரில் ஆண் ஒருவன் தெருவில் நடந்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்கும். வெளியூர்களில் நான் எத்தனையோ ஜும்ஆ விட்டிருக்கிறேன். இங்கே விட்டதில்லை. என் பெண்சாதி மடித்துத் தந்த வெள்ளைச் சாறனை உடுத்து, தொப்பி போட்டு, எல்லோரோடும் பள்ளிப் பக்கம் நடந்தேன். பாங்கு சொல்லி முடிந்ததும் ஒரு ஒழுங்கையால் கடற்கரைக்கு இறங்கி, வேலியோரமாகத் திரும்பி வந்தேன். வீட்டில் பெண்கள் லுஹர் தொழுகிற நேரம். பள்ளி கலைந்து ஆட்கள் வருமுன் கல்லை மாற்றிவிட வேண்டும். சனிக்கிழமை பாஸ் வந்து தட்டிப் பார்த்தால் கூடு நல்லாயிருக்கும். வெள்ளை எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் விளங்காமலே போய்விடும். அதுதான் என் யோசனை.

சட்டையைக் கழற்றிக் கொட்டில் கம்பில் போட்டுவிட்டு மல்லாந்து படுத்து, தலை முன்னால் போக இடுப்பு வரை உள்ளே நகர்ந்தேன். முருகைக்கல் என் முகத்துக்கு நேர் மேலே இருந்தது. வெந்த பக்கம் புளித்த மா போல ஊதிக் கிடந்தது. பக்கத்து இரண்டு செங்கல்லுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, அதற்கு ஒரு முட்டுக் கட்டை வைத்தேன். பிறகு கல்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். பாதி வந்தது. அதே நேரம் முட்டுக் கட்டை வழுக்கிச் சாய்ந்தது. பலகை என் நெஞ்சில் விழுந்தது, செங்கல் இரண்டும் ஒரு விரல் அளவு கீழே இறங்கின.

நான் உள்ளங்கை இரண்டையும் மேலே கொடுத்துத் தாங்கினேன். கூடு நின்றது. ஆனால் கையை எடுக்க முடியாது, எடுத்தால் எல்லாம் என் முகத்துக்குத்தான் வரும். வெளியே நகரவும் முடியாது. சுண்ணாம்புப் பொடி கண்ணில் விழுந்து ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. வியர்வை பட்ட இடமெல்லாம் கை எரியத் தொடங்கியது. சூளையில் இந்த எரிச்சல் எனக்குப் பழக்கம், கொஞ்ச நேரத்தில் தோல் வழுக்கத் தொடங்கும் என்பதும் தெரியும். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. கோழிகள் கொக்கரித்தன. பிறகு காலடிச் சத்தம் வந்து என் காலுக்குக் கிட்ட நின்றது.

"பள்ளிக்குப் போன கால்தானே இது," என்றது மாமியின் குரல். என்னிடம் அல்ல, பொதுவாகத்தான்.

"மாமி, கூடு என்ட கையில நிக்குது," என்றேன்.

"மகள்," என்று அவ வீட்டுப் பக்கம் கூப்பிட்டா. மகள் தொழுகையில் நின்றாள், வரமுடியாது. இன்னொரு தடவை கூப்பிட்டா. பதில் இல்லை.

"மகன், அசையாதீங்க," என்றா.

அவ ஓடுவது கேட்டது. வயது ஐம்பதைத் தாண்டிய மனுசி ஓடி நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை, கேட்டதுதான். மாச் சாக்கில் மணலை அள்ளிக் கட்டிக்கொண்டு வந்து, பாண் தள்ளுகிற நீட்டுப் பலகையால் அதை என் விலாவோரமாக உள்ளே தள்ளினா.

"எங்க நிக்குது?"

"நெஞ்சடியில."

"இப்ப?"

"இன்னும் மேல. தோளுக்கு மேல."

ஒன்றன் மேல் ஒன்றாக நாலு சாக்கு வந்தது. நாலாவது செங்கல்லோடு இடித்து நின்றது.

"ஒரு கைய எடுங்க. ஒரு கைய மட்டும்."

எடுத்தேன். விழவில்லை. மற்றக் கையையும் எடுத்தேன். கூடு மணலில் அமர்ந்து கொண்டது.

"அவரும் மணலக் குவிச்சு அதுக்கு மேலதான் கட்டின," என்றா மாமி. "முட்டுக் கொடுத்தா நிக்காது எண்டு அவருக்குத் தெரியும்."

பாதி வந்த கல்லை இழுத்து, வயிற்றில் உருட்டி வெளியே விட்டேன். அது அவ கையில் போய்ச் சேர்ந்தது.

"இது முருகைக்கல்தானே."

"ஓம் மாமி."

"செங்கல் எண்டு சொன்ன நீங்க."

"ஓம்."

"அவர்ர சாந்து சரியில்ல எண்டு பாஸ் சொல்லக்குள்ளயும் பாத்துக்கொண்டு நிண்ட நீங்க."

அதற்கும் ஓம் என்றேன். போறணைக்குள் சொன்னதால் அது பெரிய சத்தமாகக் கேட்டது.

"இப்ப வெக்கிறதுக்குக் கல் எங்க?"

வேலியடியைச் சொன்னேன். ஆப்பு மூன்றும் கையில் வந்தன. மண்ணைக் கையாலேயே குழைத்து உருண்டை உருண்டையாகத் தந்தா. முதல் ஆப்பு போனது, இரண்டாவது போனது, மூன்றாவதைத் தட்டி இறுக்கும்போது என் பெண்சாதியின் குரல் கேட்டது.

"உம்மா, ஆரோட கதைக்கிறீங்க?"

"உன்ட மாப்பிள்ளைட காலோட."

நான் வெளியே வந்தபோது மாமி கதவுக்குப் பின்னால் போய்விட்டா. வாசற்படியில் ஒரு சிரட்டையில் தேங்காயெண்ணெய் இருந்தது. கண்ணுக்கும் கைக்கும் போட்டேன். வெள்ளைச் சாறன் கரியும் மண்ணுமாக இருந்தது. ஜும்ஆ முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

சனிக்கிழமை காலையில் பாஸ் அலவாங்கோடு வந்தார். இடிக்க ஓங்குமுன் கதவுக்குப் பின்னாலிருந்து மாமி கதைத்தா.

"மகள், உன்ட மாப்பிள்ளையப் பாஸுக்குச் சொல்லச் சொல்லு. வெள்ளை எங்கயிருந்து வந்த எண்டும், கட்டின ஆளுக்கு விசயம் தெரியுமா தெரியாதா எண்டும்."

கல் வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது. நான் சொன்னேன். முதலிலிருந்து, உடைந்த மூன்று செங்கல்லையும் சேர்த்து. பாஸ் கல்லைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, விரலால் சுரண்டி, சிரிக்கத் தொடங்கினார்.

"சூளைய விட்டு வந்த ஆள் ஊட்டுக்குள்ள ஒரு சூளை வெச்சிரிக்கீங்க தம்பி."

பிறகு தட்டிப் பார்த்தார். சத்தம் சரி என்றார். கதவுப் பக்கம் திரும்பி, "கட்டின ஆள் நல்லாத்தான் கட்டியிருக்கு ராத்தா, நான் சொன்னது பிழை," என்றார். ஆனால் தன் தலையாக இருந்தால் அதற்குள் விடமாட்டேன், கல் ஒருமுறை இறங்கினால் இறங்கியதுதான், புதிதாகக் கட்டுவதுதான் புத்தி என்றும் சொன்னார்.

மாமி சொன்னா. "இடிக்க வேணா. பெருநாள் முடிய மறுகா பாப்பம். மகள், இதையும் சொல்லு. நோம்பு முடியுமட்டும் போறணை வாயில நீ நிக்கப்போறல்ல. கல் வெச்சவர் நிக்கட்டும். எங்கயும் போகேலா."

மணற் சாக்குகளை வெளியே எடுத்து, நாலைந்து நாள் சிரட்டைத் தீ போட்டுக் கூட்டைக் காய வைத்தோம். முதல் நோன்பன்று பின்னேரம் பெரிய தீ போட்டேன். பெண்சாதி கிணற்றுக்கு அப்பால் நின்றாள். வயிறு காய்ந்து, வாய் வறண்டு, முகத்துக்கு நேரே நெருப்பு. கூடு மெல்ல மெல்ல வெளுத்தது. புதிய மூன்று கல்லும் மட்டும் கறுப்பாகவே இருந்தன. அவை வெளுக்கும்வரை காத்திருந்தேன். வெளுத்த பிறகு தணலை இழுக்கத் தலையைத் தாழ்த்தியபோது உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நான் அப்படியே நின்றேன். மேலே பார்த்தேன். மண்ணில் ஒரு சிறு ஓடு பெயர்ந்து தளத்தில் கிடந்தது. கல் மூன்றும் இருந்த இடத்தில் இருந்தன. ஈரச் சாக்கைப் போட்டுத் துடைத்தேன், ஆவி வந்து முகத்தில் அடித்தது, மாவை வைத்துக் கதவை அடைத்தேன்.

முப்பது நாளும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் உள்ளே தலை விடுமுன் மேலே பார்ப்பேன். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை, யார் வீட்டுக் கூரையானாலும் பார்ப்பேன். கடைக்காரர் பேக்கரிக்குப் போகவில்லை. பெருநாள் முடிந்தும் யாரும் பாஸைக் கூப்பிடவில்லை. வாய்க்கால் வேலைக்கு நான் போனது அடுத்த கோடையில், சொல்லிக்கொண்டுதான் போனேன்.

முருகைக்கல்லை மாமி எறியவில்லை. ஒரு சட்டியில் தண்ணீர் விட்டு அதற்குள் போட்டு வைத்தா. வெந்த பக்கம் கரைந்து வெண்ணெய் மாதிரி அடியில் ஊறியது. நோன்பு திறந்து மஃரிப் தொழுத பிறகு, அதில் விரலால் தொட்டு வெற்றிலையில் தடவிப் போடுவா. நான் கடைக்குப் போகும் பாணைக் கூடையில் அடுக்கிக்கொண்டு அதைப் பார்ப்பேன். நோன்புக்கு அடுத்த ஷவ்வால் மாதம் பாதியில் சட்டி காலியானது.

"மகள், இது முடிஞ்சிட்டு," என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "வேற எங்கயாவது வெச்சிரிக்காரா எண்டு கேளு."

என் பெண்சாதி வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன், "இல்ல மாமி."